கச்சானின் பூஞ்சணமும் கமக்காரரின் ஈரலும்

வன்னிப் பெருநிலத்திலே காலபோக நெல்லின் அரிவு வெட்டு நடைபெறும் தை, மாசி மாதங்களையொட்டியே மேட்டுநிலக் கச்சானும் பிடுங்கப்படுகின்றது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மணல் சேர்ந்த மண்ணுள்ள இடங்களில் இப்பயிர் நெல்லுக்கும் மரக்கறிக்கும் துணைப்பயிராக விளங்குகின்றது. பிடுங்கிய கச்சானில் திரட்சியானது சந்தைக்குப் போகின்றது. சுருங்கியதும், நிறம் மாறியதும், தோடு உடைந்ததும் வீட்டில் நின்றுவிடுகின்றன. வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும், இடித்துச் சம்பலிற் சேர்ப்பதும், மிஞ்சினால் கோழிக்கு எறிவதும் பெரும்பாலும் இந்த ஒதுக்கற் கச்சானையே. சிக்கனம் என்று எண்ணப்படும் இவ்வழக்கம் ஈரலைப் பொறுத்தவரையிற் பெருஞ்செலவாகும். ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு குவியலிலேயே பூஞ்சணத்தின் நஞ்சு மிகுதியாகத் தங்குகின்றது.

இந்நஞ்சு ஈரலின் கலங்களை எவ்வாறு கெடுக்கின்றது, அக்கலங்களுக்கு இயற்கையாக உள்ள காவல் யாது, இலைகளும் மருந்துகளும் அக்காவலுக்கு எவ்வளவு துணை செய்யும் என்பவற்றைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தவர் கச்சானைக் காயவைப்பதிற் காட்டும் அக்கறை வேறாகவே இருக்கும்.

ஈரலும் காறலும்

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம் நிறையுடையது. குடலிலிருந்து வரும் இரத்தம் உடலின் பிற பாகங்களுக்குப் போகுமுன் ஈரலினூடாகவே செல்கின்றது. எனவே உண்ட உணவிற் கலந்துள்ள நஞ்சை முதலில் எதிர்கொள்ளும் உறுப்பு அதுவே. நஞ்சைப் பிரித்து, மாற்றி, நீரிற் கரையுந் தன்மையுடையதாக்கிச் சிறுநீர் வழியாகவோ பித்தத்தின் வழியாகவோ வெளியேற்றுவது அதன் தொழில். இத்தொழிலைச் செய்யும் நொதியங்கள் பலமுறை ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. அங்கேதான் இடர் தோன்றுகின்றது.

ஒட்சிசன் இன்றி உயிர் இல்லை. ஆயினும் அதே ஒட்சிசன் மண்வெட்டியைத் துருப்பிடிக்கச் செய்கின்றது; வெட்டிய கத்தரிக்காயைக் கறுக்க வைக்கின்றது; நாட்பட்ட எண்ணெயைக் காறலாக்குகின்றது. கச்சான் பருப்பில் ஏறக்குறைய அரைப்பங்கு எண்ணெய் உண்டு. தோடு நீக்கிய பருப்பைச் சில மாதங்கள் திறந்து வைத்தால் அது காறி நெடியடிப்பதைக் காணாதவர் இல்லை. எண்ணெயின் மூலக்கூறு ஒன்றை ஒட்சிசன் தாக்க, தாக்குண்டது தன் பக்கத்து மூலக்கூறைத் தாக்க, ஒரு வைக்கோற் கற்றையிலிருந்து அடுத்ததற்குத் தீ பரவுவது போல அக்கேடு தொடர்ந்து செல்கின்றது.

ஈரற் கலத்தைச் சூழ்ந்திருக்கும் மென்சவ்வும் கொழுப்பினாலானதே. கலத்தினுள்ளே சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகளின் சவ்வும் அத்தகையதே. எண்ணெய் போத்தலில் நிகழும் அதே காறல் அச்சவ்வுகளிலும் நிகழக்கூடும். சவ்வு காறினால் கலத்தின் உட்பொருள் வெளியே கசியும், கல்சியம் அளவுமீறி உள்ளே புகும், இழைமணி செயலிழக்கும், இறுதியிற் கலம் மடியும். வைத்தியசாலையில் இரத்தத்தைச் சோதித்து ஈரல் பழுதுபட்டதென்று கூறுவது, மடிந்த கலங்களிலிருந்து கசிந்த நொதியங்களை அளந்தே.

ஒட்சிசனிலிருந்து பிறக்கும் தாக்கவல்ல துணிக்கைகள் சுகதேகிகளின் உடலிலும் எந்நேரமும் தோன்றிக்கொண்டேயிருக்கின்றன. அவற்றை அடக்கும் நொதியங்களும் உடலில் உள. அவற்றுள் முதன்மையான ஒன்றை அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கோட், பிரிடோவிச்சு என்னும் இருவர் 1969 இல் கண்டறிந்தனர். தாக்கும் துணிக்கைகள் பெருகி அடக்குஞ் சக்தி போதாமற் போகும் நிலைக்கு ஒட்சியேற்றத் தகைப்பு என்று பெயர். செருமானிய அறிஞர் எல்முட் சீசு 1985 இல் இக்கருத்தை வரையறுத்துக் கூறினார்.

இத்தாக்கத்தின் வலிமையை அறியக் கமக்காரர் ஆய்வுகூடத்துக்குச் செல்லவேண்டியதில்லை. பரகுவாற்று என்னும் களைநாசினியை மூத்த கமக்காரர் நன்கறிவர். 2008 தொடக்கம் 2011 வரை படிப்படியாக அது இலங்கையில் விலக்கப்பட்டது. காலையில் தெளித்த களை வெயில் ஏறியதும் வாடிக் கருகியதன் காரணம் யாது? அம்மருந்து பச்சிலையினுள்ளே ஒட்சிசனை ஓயாது தாக்குந் துணிக்கைகளாக மாற்றியமையே. இலையின் சவ்வு சில மணித்தியாலங்களிற் காறிச் சிதைந்தது. அதே மருந்து மனிதருடலுக்குட் புகுந்தபோது நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் ஈரலிலும் அதே வேலையைச் செய்தது. அது விலக்கப்படக் காரணமும் அதுவே.

கலத்தின் கையிருப்பு

ஈரற் கலத்தின் காவற்பொருள்களுள் தலையாயது குளுற்றதையோன் என்பது. மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு இது. அவற்றுள் ஒன்றான சிசுற்றீனில் உள்ள கந்தகமே வேலை செய்யும் பகுதி. தாக்குந் துணிக்கையைத் தானேற்று அது தணிக்கின்றது. நஞ்சின் கூர்முனையிற் சென்று ஒட்டி நஞ்சை மழுங்கச் செய்கின்றது. உடலிலே மற்றெவ்விடத்திலும் பார்க்க ஈரலில் இது மிகுதியாக உண்டு. எனினும் பட்டடையிலுள்ள நெல்லைப் போல இதற்கும் ஓர் அளவுண்டு. எடுத்தால் குறையும், உணவிலிருந்து புரதம் வந்தாலன்றி மீண்டும் நிரம்பாது. பட்டினி கிடப்பவரிடத்தும் நாடோறும் மது அருந்துபவரிடத்தும் இக்கையிருப்புத் தாழ்ந்தே இருக்கும்.

இதற்குத் தெளிவான சான்று பரசிற்றமோல் ஆகும். பனடோல் என்று எல்லோரும் வழங்கும் மாத்திரை இதுவே. அளவோடு உட்கொண்டால் இதன் பெரும்பகுதி தீங்கின்றிக் கழிந்துவிடும். சிறுபகுதி மட்டும் ஈரலில் ஒட்சியேற்றப்பட்டு நச்சுப்பொருளாகின்றது. குளுற்றதையோன் அதனை உடனே பற்றிக்கொள்கின்றது. அளவு மீறும்போது நச்சுப்பகுதி பெருகிக் கையிருப்பு வற்றுகின்றது. அதன்பின் நஞ்சு இழைமணிகளின் புரதங்களிற் சென்று ஒட்டுகின்றது. ஒட்சியேற்றத் தகைப்பு மூள்கின்றது. ஓரிரு நாளிற் கலங்கள் கூட்டங்கூட்டமாக மடிகின்றன. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1973 இல் இதனை எலிகளில் எடுத்துக்காட்டினர். குளுற்றதையோன் ஆக்கத்துக்கு வேண்டிய சிசுற்றீனைத் தரும் மருந்தொன்று, அசற்றைல் சிசுற்றீன், பின்னர் நடைமுறைக்கு வந்தது. அளவுமீறி உட்கொண்ட 8 மணித்தியாலத்துக்குள் அது கொடுக்கப்பட்டால் ஈரல் ஏறக்குறைய முற்றாகக் காப்பாற்றப்படுகின்றது. ஈரலைக் காக்கும் பொருள்கள் என்று பேசப்படும் யாவற்றிலும் ஐயந்திரிபற நிரூபிக்கப்பட்டது இதுவே எனலாம்.

அரிவு வெட்டுக் காலத்தில் முதுகுநோவுக்கென்று நாளுக்குப் பல தடவை இம்மாத்திரையை விழுங்குவோர் உண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் மாத்திரை 8 என்பதே மேலெல்லை. அந்த எட்டும் சுகதேகிக்கு உரியன. வெறுவயிற்றுடன் வேலை செய்து, மாலையிற் கசிப்போ சாராயமோ அருந்துபவருக்கு எட்டும் மிகையாகலாம். மதுவானது கையிருப்பைக் குறைப்பதோடு, மாத்திரையை நஞ்சாக மாற்றும் நொதியத்தையும் ஈரலிற் பெருக்குகின்றது.

பூஞ்சணத்தின் நஞ்சு

1960 இல் இங்கிலாந்திலே சில மாதங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் ஈரல் பழுதுபட்டு இறந்தன. தொற்றுநோய் எதுவும் காணப்படவில்லை. அவற்றின் தீனியிற் சேர்ந்திருந்த பிரேசில் நாட்டுக் கச்சான் பிண்ணாக்கே காரணமென அறியப்பட்டது. பிண்ணாக்கில் வளர்ந்த அசுப்பேர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணத்தின் பெயரைக் கொண்டே அதன் நஞ்சு அஃபிளாற்றொக்சின் எனப் பெயர் பெற்றது.

மனிதருக்கு நேர்ந்தது இதனிலுங் கொடிது. 1974 இன் இறுதியில் இந்தியாவின் இராசத்தான், குசராத்து மாநிலங்களின் மலைச்சாதிக் கிராமங்களில் மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் பரவின. 397 பேர் நோயுற்று 106 பேர் இறந்தனர். பருவந்தப்பிய மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளனை அவர்கள் உண்டிருந்தனர். அவ்வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் கண்டமை காரணத்தை அறியத் துணை செய்தது. 2004 இல் கெனியா நாட்டில் இதே வகையில் 317 பேர் நோயுற, 125 பேர் மாண்டனர்.

இத்தகைய கொள்ளை நோய் இலங்கையிலே நிகழ்ந்ததில்லை. ஆயினும் நஞ்சு இல்லையென்று கொள்ளற்க. 2021 மார்ச்சு மாதத்தில் இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெயில் இந்நஞ்சு அனுமதித்த அளவினும் மிகுந்து காணப்பட்டமை நாடெங்கும் பேசப்பட்டது. புழுங்கலரிசியும் இதிற் சேர்ந்ததே. பச்சையரிசியிலும் பார்க்கப் புழுங்கலரிசியில் அஃபிளாற்றொக்சின் மிகுதியாக இருந்ததை 1991 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது. நெல்லை நெடுநேரம் ஊறவைப்பதும், அவித்தபின் முகில் நாளில் மெல்ல உலரவிடுவதும் பூஞ்சணத்துக்கு வாய்ப்பளிப்பன. வெயிலில் முற்றக் காயாத செத்தல் மிளகாயும் அவ்வாறே.

சிறு அளவில் நாட்பட உட்செல்லும் நஞ்சு உடனே நோயைக் காட்டாது. ஈரலின் நொதியங்கள் அதனை ஒட்சியேற்றி எப்பொட்சைட்டு என்னும் கூர்மையான பொருளாக்குகின்றன. கழிக்கும் நோக்கத்தோடு தொடங்கிய வேலை இங்கே நஞ்சைக் கூர்தீட்டும் வேலையாகிவிடுகின்றது. அக்கூர்முனை கலத்தின் கருவிலுள்ள பரம்பரைப் பொருளிற் சென்று தைக்கின்றது. கூடவே ஒட்சியேற்றத் தகைப்பும் தோன்றிச் சவ்வுகளையும் அதே பரம்பரைப் பொருளையும் தாக்குகின்றது. பல்லாண்டுகள் செல்ல அக்கேடு புற்றுநோயாக வெளிப்படலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1987 இல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென உறுதியாயுள்ள பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. செங்கமாரியின் பி வகை வைரசு உடலில் உள்ளவருக்கு ஆபத்துப் பன்மடங்காகும். சீனாவில் சாங்காய் நகரில் நடந்த ஆய்வொன்றில், வைரசும் நஞ்சும் இல்லாதவரோடு ஒப்பிட, இரண்டும் உள்ளவருக்கு ஈரற் புற்றுநோய் ஏறத்தாழ 60 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்கு அவ்வைரசுக்கெதிரான தடுப்பூசி ஏற்றப்படுவது நன்மையே. அதற்கு முன் பிறந்தோர் பலருக்கு அப்பாதுகாப்பில்லை.

இங்கும் குளுற்றதையோனே காவல். ஒரே அளவு நஞ்சை ஊட்டினாலும் சுண்டெலி தாங்கிக்கொள்கின்றது. வான்கோழிக் குஞ்சும் தாராக் குஞ்சும் மடிகின்றன. எப்பொட்சைட்டை குளுற்றதையோனுடன் இணைக்கும் நொதியம் சுண்டெலியில் மிக வேகமாக வேலை செய்வதே வேறுபாட்டுக்குக் காரணம். மனிதரிடத்து அந்நொதியத்தின் வேகம் குறைவு. இயற்கை இவ்விடயத்தில் எலிக்குக் காட்டிய தயவை மனிதனுக்குக் காட்டவில்லை.

இலைகள், மருந்துகள்

காவலை வெளியிலிருந்து பலப்படுத்தலாமா என்ற வினாவுக்கு விடை தேடியோர் பலர். சீனாவின் கிழக்குக் கரையில் கிடொங்கு என்னுமிடத்து மக்கள் நெடுங்காலம் பூஞ்சணம் பிடித்த சோளனை உண்டு ஈரற் புற்றுநோயால் மிகுதியும் வருந்தியவர்கள். அங்கே 180 பேருக்கு நான்கு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2001 இல் வெளிவந்தது. இலைப்பச்சையிலிருந்து ஆக்கப்படும் குளோரபிலின் என்னும் பொருளை உணவுவேளைதோறும் 100 மில்லிகிராம் உட்கொண்டோரின் சிறுநீரில், பரம்பரைப் பொருள் கெட்டதைக் காட்டும் அடையாளம் நூற்றுக்கு 55 வீதம் குறைந்திருந்தது. அது குடலிலேயே நஞ்சைப் பற்றிக்கொண்டு இரத்தத்திற் சேரவிடாது தடுக்கின்றதென்று கருதப்படுகின்றது. பச்சை இலைகளில் இயல்பாயுள்ள இலைப்பச்சைக்கும் இத்தன்மை ஓரளவு உண்டு. கோவா இனத்து மரக்கறிகளிலிருந்து பிறக்கும் சல்பொரபேன் என்னும் கந்தகப் பொருள் வேறு வழியிற் செயற்படுகின்றது; கலத்தின் சொந்தக் காவல் நொதியங்களைப் பெருக்கும்படி அது தூண்டுகின்றது. அதே கிடொங்கில் நடந்த சோதனையில் அதன் பயன் ஆளுக்கு ஆள் வேறுபட்டதேயன்றி எல்லோருக்கும் ஒருபடித்தாய்த் தெரியவில்லை.

கவனிக்கற்பாலது இன்னொன்று. கிடொங்கில் ஈரற் புற்றுநோய் குறைந்தமைக்கு மாத்திரையும் முளையும் காரணமல்ல. 1980 களில் மக்கள் சோளனை விட்டு அரிசிச் சோற்றுக்கு மாறினர். உடலுட் செல்லும் நஞ்சு மிகவுங் குறைந்தது. தடுப்பூசி ஏற்றப்பட்ட பிள்ளைகள் நோய்க்குரிய வயதை அடையுமுன்னரே வளர்ந்தவரிடையே ஈரற் புற்றுநோய் இறப்பும் குறைந்தது.

நமது வளவுகளில் வளரும் மூலிகைகளும் ஆராயப்பட்டுள்ளன. வேலியிற் படரும் முசுமுசுக்கை அவற்றுள் ஒன்று. காபன் நாற்குளோரைட்டு என்னும் திரவம் ஈரற் சவ்வுகளை விரைந்து காறச் செய்வது. அதனால் ஈரல் கெட்ட எலிகளுக்கு முசுமுசுக்கைச் சாறு பயனளித்ததை இலங்கை ஆராய்ச்சியாளர் 1989 இல் வெளியிட்டனர். எலியிற் கண்ட பயன் மனிதரிடத்து உறுதியாகும்வரை அது நம்பிக்கையே தவிர வைத்தியமாகாது. கீழ்க்காய்நெல்லியின் கதை இதற்குப் பாடம். 1988 இல் சென்னை ஆராய்ச்சியாளர் அதனை பி வகைச் செங்கமாரி வைரசைச் சுமப்போருக்குக் கொடுத்ததில், நூற்றுக்கு 59 வீதத்தினரிடத்து வைரசின் அடையாளம் மறைந்ததென அறிவித்தனர். உலகெங்கும் எதிர்பார்ப்பு மூண்டது. பிறநாடுகளிற் பின்னர் நடந்த சோதனைகளில் அம்முடிவு கிட்டவில்லை.

மூலிகையென்றால் தீங்கில்லை என்ற எண்ணமும் தவறு. பேராதனைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் நாட்டு மருந்துச் செடிகள் சிலவற்றை ஆராய்ந்து 1981 இல் வெளியிட்ட முடிவில், கிலுகிலுப்பை இனத்துச் செடியொன்றில் ஈரலைக் கெடுக்கும் காரப்பொருள் இருப்பதைக் காட்டினர். அப்பொருளும் ஈரலில் ஒட்சியேற்றப்பட்ட பின்னரே நஞ்சாகின்றது. 1970 களில் மத்திய இந்தியாவிலே கிலுகிலுப்பை விதை கலந்த சிறுதானியத்தை உண்டு, ஈரற் குழாய்கள் அடைபட்டுப் பலர் இறந்தனர். நெல் வயலுக்குப் பசளையாக விதைக்கும் சணல் இவ்வினத்ததே. அதனைப் பசளைக்கு விதைப்பதிற் பிழையில்லை. விதையை உணவுத் தானியத்தோடு ஒரே சாக்கிலோ ஒரே சுளகிலோ கலக்கவிடாதிருத்தல் வேண்டும்.

மஞ்சள் கறியிற் சேரும் அளவில் நல்லது. அதன் சாரத்தைச் செறிவாக்கி விற்கப்படும் குளிசைகளால் ஈரல் பழுதுற்றோர் உளர். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கோவா என்பவற்றைத் தோட்டத்திலிருந்து சோற்றோடு உண்பதே போதும். பருப்பும் பயறும் மீனும் முட்டையும் தரும் புரதமின்றிக் குளுற்றதையோன் ஆகாது என்பதையும் மறத்தலாகாது. இலைக்கஞ்சியை மட்டுங் குடித்துக் கையிருப்பை நிரப்ப இயலாது.

களத்திலும் முற்றத்திலும்

கச்சானிற் பூஞ்சணம் பிடிப்பது களஞ்சியத்திலேதான் என்று கருதுவோர் பலர். அது மண்ணிலேயே தொடங்குகின்றது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால் செடி சோரும். பூஞ்சணம் தோட்டினூடே புகும். நீர் வசதியுள்ளோர் அக்காலத்தில் ஒருமுறையேனும் நீர் பாய்ச்சுதல் நன்று. கறையான் அரித்த காயும், மண்வெட்டி பட்டு வெடித்த காயும் பூஞ்சணத்துக்குத் திறந்த வாயிலாகும். முதிர்ச்சியைத் தோட்டின் உட்புறம் கறுத்திருப்பதைக் கொண்டு அறியலாம். முற்றிய பின்னும் மண்ணில் விட்டுவைப்பது விளைவைக் கூட்டாது, நஞ்சையே கூட்டும்.

பிடுங்கிய செடியைக் காய் மேலிருக்கும்படி தலைகீழாகக் கவிழ்த்து ஓரிரு நாள் வாடவிடுதல் வேண்டும். குவித்து மூடுவதே பெருங்கேடு. மாசிப் பனியும் எதிர்பாராத மழையும் அக்குவியலை ஓரிரவிலேயே வெப்பமேறச் செய்யும். ஆய்ந்த காயைப் படங்கின் மீதோ பாயின் மீதோ மெல்லிய படையாகப் பரப்பி, நாளுக்கு மூன்று நான்கு தடவை கிளறி, மாலையில் மூடி வைத்து, நல்ல வெயிலில் ஒரு வாரமளவு காயவிடல் வேண்டும். வெறுமண்ணிற் பரப்பலாகாது. பருப்பின் ஈரலிப்பு நூற்றுக்கு 8 வீதத்துக்குக் கீழ் வரவேண்டும். அளவுகருவி இல்லாதவர் காயைக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். பருப்புக் கலகலவென்று ஒலிக்கும். பருப்பை இரண்டாக ஒடித்தால் வளையாது முறியும். தோடு எளிதில் உடையவேண்டுமென்று காயை நனைக்கும் வழக்கம் இருந்தால் அதனைக் கைவிடுதல் வேண்டும். காய்ந்ததன் பயன் முழுவதும் அந்நீரிற் போய்விடும்.

நெல்லைச் சேமிக்கு முன் நூற்றுக்கு 13 அல்லது 14 வீத ஈரலிப்புக்குக் காயவைத்தல் வேண்டும். அவித்த நெல்லை மழைக்குறி உள்ள நாளில் அவிக்காதிருப்பதே மேல். சாக்குகளை நிலத்தில் நேரே அடுக்காது பலகை மீது, சுவரைத் தொடாது அடுக்குக. முற்றக் காயாத கச்சானையோ செத்தலையோ பிளாத்திக்குப் பையிற் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

இனித் தெரிதல். நஞ்சு குவியல் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. நூற்றுக்கணக்கான நல்ல பருப்புகளிடையே நஞ்சு செறிந்த பருப்பு ஒன்றிரண்டே இருக்கும். அந்த ஒன்றிரண்டே முழுவதையும் கெடுக்கப் போதும். ஆகையால் கையினாற் பொறுக்கி நீக்குவது, செலவற்ற வேலையாயினும், பெரும்பயன் தருவது. சுருங்கியது, கருமையோ மஞ்சளோ பச்சையோ படர்ந்தது, முளை தோன்றியது, பூச்சி அரித்தது, தோல் உரிந்து நிறம் மங்கியது ஆகிய யாவும் நீக்கத்தக்கன. வாயிற் கசந்த பருப்பை விழுங்காது உமிழும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தல் வேண்டும். கசப்பில்லாத பருப்பிலும் நஞ்சு இருக்கக்கூடும் என்பதால் நாவை மட்டும் நம்பலாகாது.

வறுத்தால் நஞ்சு போய்விடுமென்பது பலரது எண்ணம். பூஞ்சணம் சாகும், அது விட்டுச்சென்ற நஞ்சில் ஒரு பகுதியே குறையும். அவித்தாலும் அவ்வாறே. செக்கிலிட்டு எண்ணெய் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலும் எஞ்சியது எண்ணெயிலும் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலில் நஞ்சு உருமாறி வெளிப்படும். அப்பாலைக் குடிப்பது வீட்டுக் குழந்தையே. கோழிக்கும் தாராவுக்கும் போட்டால் முட்டை குறையும், குஞ்சு மடியும். ஆகையால் நீக்கிய பருப்பை உணவாகவோ தீனியாகவோ விதையாகவோ பயன்படுத்தாது, கிணற்றுக்குத் தொலைவிற் குழிவெட்டி ஆழப் புதைத்தல் வேண்டும். ஒரு சாக்குக் கச்சானில் ஓரிரு கொத்து இழப்பாகலாம். விற்கும் கச்சானுக்கும் அது ஆதாயமே: மேலும் பதப்படுத்தவென விற்கப்படும் கச்சானுக்குச் சர்வதேச உணவு நியமம் வகுத்த எல்லை கிலோகிராமுக்கு 15 மைக்கிரோகிராம். அவ்வெல்லையைக் கடந்த சரக்குத் திருப்பப்படும்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுந்தேநீர் நிறமாதல், உணவில் வெறுப்பு, வலது விலாவின் கீழ் நோவு, வயிறு வீங்குதல் என்பன ஈரல் வருந்துவதன் குறிகள். இக்குறி கண்டவர் மாத்திரைகளையும் மதுவையும் உடனே நிறுத்தி அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். அன்றுவரை உட்கொண்ட மாத்திரையின் அட்டையையும், நாட்டு மருந்து குடித்திருந்தால் அதன் இலை அல்லது வேரில் ஒரு பகுதியையும், தெளித்த பூச்சிநாசினியின் சிட்டையையும் கையோடு கொண்டுசென்றால் வைத்தியருக்குக் காரணம் அறிவது எளிதாகும். கச்சானின் ஈரலிப்பு, களஞ்சியம் பற்றிய ஐயங்களைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடங் கேட்டறியலாம்.